பிள்ளைகளை ஒரே வயலுக்கு நான்கு முறை கூட்டிச் செல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோறு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, பள்ளிகள் அவர்களை வயலுக்கு அழைத்துப் போவதை வரவேற்கிறோம். ஆனால் பெரும்பாலும் அது ஒரே ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது. அதுவும் நடவு நாளாக இருக்கும். பிள்ளைகள் சேற்றில் இறங்குகிறார்கள், கையில் நாற்றோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். நட்டது பிழைத்ததா, எப்போது பூத்தது, எத்தனை நெல் கண்டது, அந்த நெல் எந்த வழியாகத் தட்டுக்கு வந்தது என்பது எதுவும் அவர்களுக்குத் தெரிவதில்லை. உணவைப் பற்றிக் கற்க வேண்டியதில் முக்கால்வாசி இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது. ஆகவே டெல்டா மாவட்டப் பள்ளிகளுக்கும் கல்வித்துறைக்கும் எங்கள் வேண்டுகோள்: ஒரே வயல், ஒரே பருவம், நான்கு முறை. இதற்குப் பெரிய செலவு இல்லை. செய்முறை தெரிந்தால் போதும்; அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பருவம். குறுவையைவிடச் சம்பாதான் பள்ளிக்குப் பொருந்தும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, குறுவை நாற்று விடும்போது பள்ளிகள் திறந்து வகுப்பே நிலைகொண்டிருக்காது. அறுவடையோ காலாண்டு விடுமுறையில் போய் விழும். சம்பா அப்படியில்லை. 140 நாள் ரகம் ஒன்றை ஆகஸ்ட் கடைசியில் நாற்று விட்டால், செப்டம்பர் கடைசியில் நடவு, டிசம்பர் முதல் பாதியில் பூ, பொங்கலை ஒட்டி அறுவடை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை விட்டு விலகி நாள் குறிக்கலாம். தேர்வுக்காக நடவை ஒரு வாரம் முன்பின் நகர்த்தினால் பாதகமில்லை. அதற்குமேல் தள்ளினால் நாற்று முற்றி, தூர் கட்டுவது, அதாவது பக்கத் தண்டுகள் விடுவது, குறைந்துவிடும். விவசாயி ஒத்துக்கொண்டாரே என்று அவர் தலையில் இந்த நட்டத்தைச் சுமத்தக் கூடாது.

வயல் பள்ளியிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கட்டும். பேருந்து வேண்டும் என்றாலே நான்கு முறை என்பது ஒரு முறையாகச் சுருங்கிவிடும். பண்ணைச் சுற்றுலா மையங்களைவிட, தானே வயலில் இறங்கி வேலை பார்க்கும் ஒரு சிறு விவசாயியின் நிலம் நல்லது. பூச்சி விழுந்ததையும், மடையில் தண்ணீர் வராததையும் அங்கே மறைக்க முடியாது. பிள்ளைகள் அதையும் பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மூடாத மோட்டார் கொட்டகை, தாழத் தொங்கும் மின்கம்பி இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வயல் வேண்டாம். மர நிழலும், அருகில் கழிப்பறை வசதி தரச் சம்மதிக்கும் ஒரு வீடும் அவசியம். பெண் பிள்ளைகள் வராமல் போவதற்குப் பல நேரம் கழிப்பறை இல்லாததுதான் காரணம்.

ஒரு வகுப்புக்கு, அதாவது 30 பிள்ளைகளுக்கு, ஒரு சென்ட் நிலம் போதும். அதை வரப்போரமாக, வாய்க்கால் பக்கம் தனியாகப் பிரித்துக் கயிறு கட்டிவிடச் சொல்லுங்கள். மீதி வயல் விவசாயியின் பிழைப்பு. அதில் பிள்ளைகள் கால் வைக்க வேண்டாம். ஒரு சென்டுக்கு 150 கிராம் விதைநெல் போதும். நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை என்ற கணக்கில் இந்த ஒரு சென்டில் 24 கிலோ நெல் கிடைக்கும். அரைத்தால் ஏறத்தாழ 16 கிலோ அரிசி. சத்துணவில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி. ஆக, ஐந்து மாதம் ஒரு சென்டில் நின்ற பயிர் அந்த 30 பேருக்கு ஐந்து நாள் மதியச் சோறு. இந்தக் கணக்கைப் பெரியவர்கள் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். நான்காவது முறை போகும்போது பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்.

முதல் வருகை நாற்றங்காலுக்கு. அதற்கு முதல் வாரம் பள்ளியிலேயே விதையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீர், அதில் ஒரு பச்சை முட்டை. நல்ல முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்துக்கொண்டே வந்தால், ஒன்றரைக் கிலோ அளவு கரையும்போது முட்டை மேலே வந்து, பழைய 25 காசு அகலத்துக்கு மண்டை தெரியும். இப்போது முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டிக் கிளறினால் பதரும் (உள்ளே அரிசி இல்லாத நெல்) அரைக்கருக்காயும் (பாதி மட்டும் முற்றிய நெல்) மிதக்கும், கெட்டி விதை அடியில் தங்கும். இதில் வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. முட்டை பழசாக இருந்தால் உப்புப் போடும் முன்பே மிதக்கும். பிள்ளைகள் உப்பே போடாமல் விதையைக் கொட்டிவிடுவார்கள். ஆகவே வெறுந்தண்ணீரில் முட்டை மூழ்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்று, விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் விடுவது. உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். அலசிய விதையில் 100 எண்ணி ஈரத் துணியில் சுற்றி வகுப்பறையில் வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று எண்ணச் சொல்லுங்கள். சான்று விதைக்குக் குறைந்தது 80 முளைக்க வேண்டும் என்பது விதி. மிச்சத்தை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் ஒரு நாள் கட்டி வைத்தால் முளை எட்டிப் பார்க்கும். அதை விவசாயி கையால் நாற்றங்காலில் தூவுவதைப் பார்க்கத்தான் முதல் நாள். மடை திறந்து தண்ணீர் எப்படி வருகிறது, அது எந்த வாய்க்காலின் தண்ணீர், அந்த வாய்க்கால் எந்த ஆற்றில் பிரிகிறது என்று வரப்பிலேயே நின்று தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டிவிடலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வருகை நடவு. எல்லாப் பள்ளிக்கும் பிடித்த நாள், அதிகம் கெடும் நாளும் இதுதான். பிள்ளைகள் ஒரு குத்துக்கு எட்டு, பத்து நாற்றை வைத்து விரல் முழுகும் மட்டும் அழுத்திவிடுவார்கள். ஆழமாகப் போன நாற்று மேலே வரவே தெம்பைச் செலவழித்து, பிந்தித் தூர் கட்டும். வேர்ப்பகுதி 2, 3 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும்; ஒரு குத்துக்கு 2 அல்லது 3 நாற்று போதும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நடவு நடும் அக்காக்கள் கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்த்து வேரைப் பிடித்து, குத்தி, விரலைப் பக்கவாட்டில் இழுக்கும் அந்த ஒரு அசைவை மூன்று முறை மெதுவாகச் செய்து காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். கயிற்றில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். வரிசைக்குள் 15 சென்டிமீட்டர் இடைவெளி. சதுர மீட்டருக்கு 33 குத்து வரும். ஒரு சென்டுக்கு ஏறத்தாழ 1,330. ஆளுக்கு 45 குத்து, அரை மணி நேர வேலை. அதற்குமேல் நிற்கவைக்க வேண்டாம். குனிந்த முதுகு எப்படி வலிக்கும் என்று தெரிய அரை மணி நேரமே தாராளம். பத்து நாள் கழித்து விவசாயி, செத்த குத்துக்குப் பதில் புது நாற்று வைக்கும் பாடு நடவு செய்வார். செத்த குத்து எத்தனை என்று அவரிடம் கேட்டு வகுப்பில் எழுதி வைக்கலாம்.

நடுவதற்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். தண்டு துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி இலை நுனிப்பக்கம்தான் முட்டைக் குவியல் இடும். பழுப்பு மயிர் போர்த்தி, பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். ஒரு முடி (கட்டு) நாற்றில் தேடினால் ஒன்றிரண்டாவது அகப்படக்கூடும். அதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு, பின்னால் வயலில் நெல்லே இல்லாமல் வெளுத்து நிமிர்ந்து நிற்கும் வெண்கதிர் எதனால் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வருகையைப் பள்ளிகள் தவிர்க்கவே கூடாது. படம் பிடிக்க எதுவும் இல்லை, மழைக்காலம் வேறு என்று இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். நெல் பூக்கும் என்பதே பெரியவர்களில் பலர் பார்க்காத விஷயம். காலை 9 முதல் 11 மணிக்குள் வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரைக் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். உமியின் இரண்டு பக்கமும் மெல்ல விலகும். உள்ளேயிருந்து ஆறு மகரந்தப் பைகள் இழையில் தொங்கிக்கொண்டு வெளியே வரும்; காற்று பட்டால் ஆடும். கொஞ்ச நேரத்தில் உமி மறுபடி மூடிக்கொள்ளும், பைகள் மட்டும் வெளியே வாடித் தொங்கும். தேனீ வேண்டாம், வண்டு வேண்டாம். தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் பயிர் இது. அந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை பிடித்தால் சூல் பிடிக்காமல் பதராகும். கார்த்திகை மழையை விவசாயி ஏன் அப்படி அண்ணாந்து பார்க்கிறார் என்பது இங்கே புரியும். கதிர் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்துக்கொண்டு வருவதால், சற்று முந்திய கதிர்களில் மேலே பால் பிடித்த நெல்லும் கீழே பூவும் சேர்ந்தே கிடைக்கும். ஒரு நெல்லை நகத்தால் நசுக்கச் சொல்லுங்கள், வெள்ளைப் பால் வரும். சோறு அந்தப் பாலாகத்தான் தொடங்குகிறது. கதிர் நாவாய்ப்பூச்சி அதே பாலை உறிஞ்சுவதையும் அப்போதே பார்க்கலாம். கசக்கினால் அடிக்கும் நாற்றத்தை வைத்தே தெரியும்.

இந்த நாளில் யாரும் வயலுக்குள் இறங்கக் கூடாது, வரப்போடு சரி. ஐந்து பேருக்கு ஒரு கைலென்ஸ், ஆளுக்கு ஒரு கதிர் படம் வரையத் தாள். மழை வந்தால் மறுநாளுக்குத் தள்ளுங்கள். பூப்பு வயல் முழுவதும் சுமார் பத்து நாளுக்கு இருக்கும்.

உரம், மருந்து பற்றிய பேச்சை மறைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. இயற்கை விவசாயம் செய்யும் வயல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் யூரியாவும் பூச்சிமருந்தும் போடும் வயலே போதும். பிள்ளைகள் அன்றாடம் சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. யூரியா அதிகமானால் பயிர் கருகருவென்று வளர்ந்து, இலை சுருட்டுப்புழுவும் புகையான் பூச்சியும் ஏறும், கடைசியில் சாயும் என்று விவசாயியே சொல்வார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நன்றாகவே விளங்கும். ஆனால் மருந்தடித்த வயலின் பக்கம் ஒரு வாரத்துக்குப் பிள்ளைகள் போகக் கூடாது. நாள் குறிக்கும் முன் ‘கடைசியாக எப்போது அடித்தீர்கள், அடுத்து எப்போது அடிப்பீர்கள்’ என்ற இரண்டு கேள்வியையும் கேளுங்கள். வரப்பில் கிடக்கும் காலி மருந்து டப்பாக்களை முதல் நாளே பொறுக்கிவிட வேண்டும். அதில் தண்ணீர் மொண்டு விளையாடுவது பிள்ளைகளின் இயல்பு.

நான்காவது வருகை அறுவடை. மெயின் வயலில் அறுவடை இயந்திரம் ஓடும். 50 மீட்டருக்கு அப்பால் நின்று பார்க்கட்டும். பிள்ளைகளின் ஒரு சென்டை மட்டும் ஆள் வைத்து அரிவாளால் அறுக்க வேண்டும். அரிவாளைப் பிள்ளைகள் கையில் தராதீர்கள். தாளைக் கல்லில் அடிப்பது, முறத்தில் தூற்றுவது, எண்ணுவது அவர்கள் வேலை. சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை அணிந்து வரச் சொல்லுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைகளைக் காற்று வரும் பக்கம் நிறுத்துங்கள். ஒரு கதிரில் நெல் எத்தனை, பதர் எத்தனை என்று ஆளுக்கு ஒரு கதிர் எண்ணினால் வகுப்பின் சராசரி கிடைத்துவிடும். ஆயிரம் நெல்லை எண்ணி நிறுத்தால் சன்ன ரகம் 15 கிராம் சுற்றி, மோட்டா ரகம் 23 கிராம் வரை இருக்கும். பிறகு மொத்த நெல்லையும் நிறுத்து, 24 கிலோ வந்ததா, வராவிட்டால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். ஆழ நடவு, எலி, மழை, பதர் என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் சரியாகவே இருக்கும்.

ஈர நெல்லைக் கடித்தால் மசியும், காய்ந்தது ‘டக்’கென்று உடையும். அதே களத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டு, அருகிலுள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நடந்து போகலாம். அங்கே ஈரப்பதம் அளக்கும் கருவியில் 17 சதவீதம் என்ற எல்லையைப் பார்க்கட்டும். 18 இருந்தால் மூட்டை ஏன் காத்துக் கிடக்கிறது என்பதும் உணவைப் பற்றிய பாடம்தான். 2025–26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகை நீங்கலாக, இந்த 24 கிலோவுக்கு 570 ரூபாய்கூட வராது. அந்த ஒரு சென்டுக்கான நடவுக் கூலி, அறுவடைக் கூலி, உரம் எல்லாம் எழுதிப் பார்க்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அமைதியாகட்டும், உடனே ஆறுதல் சொல்லத் தேவையில்லை.

நெல்லை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கை உரலில் குத்திக் கைக்குத்தல் அரிசியாக்குங்கள். ஒரு பங்கைச் சின்ன மில்லில் கொடுத்துப் பச்சரிசி ஆக்குங்கள். மூன்றாவதை இரவு ஊறவைத்து, உமி வெடிக்கும்வரை அவித்து, நிழலில் காயவைத்துப் புழுங்கல் ஆக்குங்கள். நூறு கிலோ நெல்லில் 20 கிலோ அளவு உமியாகவே போகிறது என்பதும், தவிட்டைச் சீவச் சீவ அரிசி வெளுக்கிறது, சத்து போகிறது என்பதும் கண் முன்னால் தெரியும். மூன்றையும் ஒரே நாளில் சமைத்தால் வேகும் நேரம், தண்ணீர், ருசி எல்லாம் வேறு. புது அரிசி குழையும். தண்ணீரைக் குறைத்து வையுங்கள். சத்துணவு அமைப்பாளர் அம்மாவை இந்தச் சமையலுக்கு ஆசிரியராக நிறுத்துங்கள்; இதில் அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாளிலிருந்து ஒரு வாரம், மிஞ்சிக் கொட்டும் சோற்றை நிறுத்து எழுதலாம். ஒரு கிலோ சோறு என்பது ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் வயல், 33 குத்து. இதைச் சொல்லிப் பிள்ளைகளைக் குத்திக்காட்ட வேண்டாம். சோறு ஏன் மிஞ்சியது என்று கேளுங்கள். வேகாததாலோ, குழம்பு உறைப்பாலோ மிஞ்சியிருக்கலாம். அதைச் சரிசெய்வது பெரியவர்கள் பொறுப்பு.

பாதுகாப்பில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். காலில் புண், வெட்டு உள்ள பிள்ளையைச் சேற்றில் இறக்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீர் வழியே எலிக்காய்ச்சல் வரும். கட்டு போட்டிருந்தாலும் வேண்டாம். எல்லோரும் வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இரண்டாவது, கண்ணாடி விரியன் நெல் வயல் பாம்பு. பிள்ளைகள் வரும் முன் பெரியவர் ஒருவர் கம்பால் வரப்பைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று நடக்க வேண்டும். பாம்புக்கடி மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருப்பில் இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது குறைந்த அளவு. வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு வரும்போது அவர்களைக் கேட்கலாம். நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களும், 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

புறப்படும் முன் வகுப்பில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். வயலில் வேலை செய்பவர்களை அக்கா, அண்ணே, அத்தை, தாத்தா என்று முறை வைத்து, ‘வாங்க, சொல்லுங்க’ என்றே பேச வேண்டும். வயதில் மூத்த நடவாளை ‘வா, போ’ என்று ஒருமையில் கூப்பிடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்கிறார்கள். கற்றுத்தருபவர் ஆசிரியர். டீச்சரிடம் பேசுவதுபோலப் பேச வேண்டும்.

நெல் விளையாத மாவட்டங்கள் நெல்லைத் தேடிப் போக வேண்டாம். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) இருக்கிறது. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து விழுது இறங்கி மண்ணைக் குத்தி உள்ளே போய்க் காயாவதைப் பார்த்த பிள்ளை மறக்காது. கிருஷ்ணகிரி, தருமபுரியில் கேழ்வரகு, சேலத்தில் மரவள்ளி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி. எந்தப் பயிரானாலும் விதை, பூ, அறுவடை மூன்றையும் ஒரே கொல்லையில் பார்க்கும்படி நாள் குறித்தால் சரி.

கடைசியாகப் பணம். ஒரு சென்ட் நெல்லைப் பள்ளி எடுத்துக்கொள்கிறது; அதன் விலையை விவசாயிக்குக் கொடுத்துவிட வேண்டும். கற்றுத்தரும் நடவு அக்காக்கள் இருவருக்கும் அறுவடை ஆளுக்கும் அன்றைய கூலி முழுசாகத் தர வேண்டும். அரை நாள்தானே என்று பாதி கொடுத்தால் அவர்களுக்கு வேறு வயல் வேலையும் போய்விடும். கைலென்ஸ், கயிறு, தராசு ஒரு முறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும். இதையெல்லாம் தலைமையாசிரியர் கைக்காசில் செய்ய நேர்கிறது. பள்ளிப் பராமரிப்பு நிதியில் இதற்கென ஒரு வரியைச் சேர்த்து, ஜூலைக்குள் சுற்றறிக்கை அனுப்பும்படி கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறோம். ஆகஸ்ட் நடுவில் நாற்றங்கால் உழவு தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வரும் சுற்றறிக்கை அந்த ஆண்டுச் சம்பாவுக்கு உதவாது.

இப்படிக்கு,
வயல்வழிக் கல்வியில் ஈடுபட்டுள்ள உழவர்கள், ஆசிரியர்கள்,
மன்னார்குடி வட்டாரம், திருவாரூர் மாவட்டம்.